கணினிக் கற்பனை விளையாட்டுகளில் நற்கிரியையும் மனந்திரும்புதலும்

திருச்சபை வாலிபர்கள் தம் ஓய்வு நேரத்தை எங்ஙனம் கழிக்கின்றனர் என்னும் கவலை ஆயர்களுக்குப் புதியதன்று. ஒரு காலத்தில் நாவல்களும், பின்னர்த் திரைப்படங்களும், அதன்பின் தொலைக்காட்சியும் இக்கவலைக்கு இலக்காயின. இன்று அவ்விடத்தைக் கணினி விளையாட்டுகள் பிடித்துள்ளன. நேரம் வீணாகிறது, கண் கெடுகிறது, வன்முறை பெருகுகிறது என்று மூன்று குற்றங்களைச் சாட்டி, நம்மில் பலர் இப்பொருளை முடித்துவிடுகிறோம். அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் இவ்விளையாட்டுகளுள் ஒருவகை, ஆட்டக்காரனை ஐம்பது, அறுபது, சில வேளை நூறு மணி நேரம் ஒரு கதைக்குள் அமர்த்தி, இரக்கம் காட்டுவாயா, பொய் சொல்வாயா, தோழனைக் கைவிடுவாயா என்று அடுத்தடுத்து வினவுகிறது. நம் மறைக்கல்வி வகுப்புகளில் ஓராண்டு முழுவதும் கேட்கப்படும் அறநெறி வினாக்களைவிட இவ்வினாக்கள் எண்ணிக்கையில் மிகுதி. ஆகவே இவற்றை இலக்கியப் படைப்புகளைப் போன்றே திறனாய்வு செய்வது இறையியல் மாணவர்க்கு உரிய பணி எனக் கருதுகிறோம்.

இக்கட்டுரையில் நாம் ஒரே ஒரு கேள்வியை இவ்விளையாட்டுகளிடம் கேட்கிறோம். செய்து முடிக்கப்பட்ட செயல் அவற்றில் என்ன ஆகிறது? அது புள்ளியாக எண்ணப்படுகிறதா, காசுக்கு விற்கப்படுகிறதா, அழிக்கப்படுகிறதா, அல்லது செய்தவனோடேயே இருக்கிறதா? எந்தெந்த நற்பண்புகளை ஒரு விளையாட்டு பட்டியலிடுகிறது என்பதைக் காட்டிலும், இக்கேள்விக்கு அது தரும் விடையே அதன் உள்ளார்ந்த இறையியலைக் காட்டிக்கொடுக்கிறது.

முதலில் பழைய சண்டை ஒன்றைத் தாண்டிச் செல்லவேண்டும். 1974-இல் அமெரிக்க நாட்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டனர். மேசையைச் சுற்றி அமர்ந்து, தாளும் பென்சிலும் பகடையும் கொண்டு, வீரனாகவோ மந்திரவாதியாகவோ பாத்திரமேற்று ஆடும் ஆட்டம் அது. பிற்காலக் கணினி விளையாட்டுகளுக்குத் தாய் அதுவே. பூதங்களும் மந்திரங்களும் நிறைந்திருந்தமையால் அமெரிக்கக் கிறிஸ்தவர் பலர் அதனைப் பேய் வழிபாட்டின் நுழைவாயில் என்று அஞ்சினர். 1984-இல் ஜாக் சிக் என்பவர் வெளியிட்ட ‘டார்க் டஞ்சன்ஸ்’ என்னும் படக் கைப்பிரதி அவ்வச்சத்தின் புகழ்பெற்ற சின்னம். சூனியத்தைத் தேடிப்போன அக்கைப்பிரதிக்கு அங்கிருந்த மெய்யான இறையியல் சிக்கல் கண்ணில் படவேயில்லை. அவ்வாட்டத்தில் வரும் குருவானவர்கள் கவசம் அணிந்து போருக்குச் செல்வர், ஆனால் கூரிய ஆயுதம் ஏந்தலாகாது, கதாயுதம் போன்றவற்றால் அடிக்கலாம் என்று தொடக்ககால விதிகள் கூறின. இரத்தம் சிந்தாமல் மண்டையை உடைக்கலாம் என்னும் இந்த ஏற்பாட்டைக் கேட்டு நம் குருமார் புன்னகை செய்யக்கூடும். திருச்சபை வரலாற்றை அறிந்தவர்கள் புன்னகையோடு சற்று வெட்கமும் கொள்ளக்கூடும்.

அவ்வாட்டம் விட்டுச்சென்ற சொத்துக்களுள் முதன்மையானது மனிதனை எண்களாக எழுதும் முறை. வலிமை, கைத்திறம், உடலுறுதி, அறிவுக்கூர்மை, ஞானம், பிறரைக் கவரும் ஆளுமை ஆகிய ஆறும் ஒவ்வோர் எண்ணைப் பெறும். எந்த எண்ணை உயர்த்தி எதனைத் தாழ்த்துவது என்று திட்டமிடுவதையே இன்றைய ஆட்டக்காரர்கள் ‘பில்ட்’ என்கின்றனர். இதில் செலவிடப்படும் சிந்தனை சாதாரணமானதன்று. கடும்போர்களில் ஒரு பிழையான தேர்வு முழுக் குழுவையும் அழித்துவிடும். ஆனால் நமக்கு முக்கியமானது வேறொன்று. இந்த எண்கள் போர்க்களத்தோடு நில்லாமல் மனச்சாட்சிக்குள்ளும் நுழைகின்றன. பெல்ஜியத்தின் கெண்ட் நகரைச் சேர்ந்த லேரியன் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேட் 3’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் அஸ்டாரியன் என்னும் தோழன், தன்னை இரு நூற்றாண்டுகள் அடிமைப்படுத்தியவனின் வல்லமையைத் தானே அடையும்பொருட்டு, 7,000 ஆத்துமாக்களைப் பலியிடும் சடங்கை நிறைவேற்றத் துணிகிறான். ‘வேண்டாம், இதைச் செய்தால் நீயும் அவனைப்போல் ஆவாய்’ என்று ஆட்டக்காரன் தடுக்க முயலலாம். அம்முயற்சி பலிப்பது இருபது முகப் பகடையையும் பேசுபவனின் ஆளுமை எண்ணையும் பொறுத்தது. எண் உயர்ந்தவனுக்குச் சொல் பலிக்கிறது. வலிமையை மட்டும் வளர்த்துக்கொண்டவன் எவ்வளவு நேசித்தாலும் தோழனை இழக்கக்கூடும். ஒரு வகையில் இது உண்மைக்கு நெருங்கியதே. நம் மேய்ப்புப் பணியிலும் நல்லெண்ணம் மட்டும் போதாமல், சரியான சொல் அமையாமல், ஓர் ஆத்துமாவைத் தவறவிட்ட அனுபவம் பலர்க்கு உண்டு. எனினும் இரக்கம் என்பது திறமையுடையோர்க்கு மட்டும் திறக்கும் கதவாக ஆகிவிடும்போது, தாலந்து உவமையில் ஒரு தாலந்து பெற்றவனுக்கு என்ன நற்செய்தி உண்டு என்ற கேள்வி எழாமலில்லை.

அறத்தையே தன் முழுப் பொருளாகக் கொண்ட முதற்பெரும் கணினி விளையாட்டு ரிச்சர்ட் கேரியட் 1985-இல் வெளியிட்ட ‘அல்டிமா 4’ ஆகும். இதனை நாம் மரியாதையோடு அணுகவேண்டும். அவருடைய முந்திய விளையாட்டுகளில் அரக்கனைக் கொல்வதே குறிக்கோள். அக்குறிக்கோளை அடையுமுன் ஊராரைக் கொன்றும் கடைகளில் திருடியும் பொருள் சேர்ப்பதை ஆட்டக்காரர்கள் வழக்கமாக்கிக்கொண்டனர். அவர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து இதனை அறிந்த கேரியட், நான்காம் பகுதியில் கொல்லப்படவேண்டிய தீயவன் ஒருவனும் இல்லாதவாறு செய்தார். ஆட்டக்காரன் தானே நல்லவனாக வேண்டும். அதுவே கதை. அக்கால வழக்கத்தை நோக்க இது துணிச்சலான செயல்.

அவ்விளையாட்டு எட்டு நற்பண்புகளை வகுக்கிறது. நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆவிக்குரிய நாட்டம், தாழ்மை என்பன அவை. இவற்றின் வேர்கள் சத்தியம், அன்பு, துணிவு ஆகிய மூன்று. சத்தியமும் அன்பும் சேர்ந்தால் நீதி, அன்பும் துணிவும் சேர்ந்தால் தியாகம் என இவ்வாறு கணக்கிட்டு வரும்போது, தாழ்மைக்கு மட்டும் மூன்றில் ஒன்றும் வேராக அமைவதில்லை. அது எதனையும் சாராமல் தனித்து நிற்கிறது. தொடக்கத்தில் நாடோடிப் பெண் ஒருத்தி, இரண்டு நற்பண்புகள் ஒன்றோடொன்று மோதும் ஏழு வினாக்களைக் கேட்கிறாள். விடைகளில் மேலோங்கி நிற்கும் பண்புக்கேற்ப ஆட்டக்காரன் மந்திரவாதியாகவோ போர்வீரனாகவோ தொடங்குவான். தாழ்மையைத் தெரிந்துகொண்டவன் மேய்ப்பனாகத் தொடங்குகிறான். போரில் மேய்ப்பனே எல்லாரிலும் வலுக்குறைந்தவன். அவனுக்குரிய ஊராகிய மஜின்ஷியாவோ பெருமையினால் அழிந்து, ஆவிகள் உலவும் பாழிடமாகக் கிடக்கிறது. மேய்ப்பன் தன் ஊரைத் தேடிச் சென்றால் இடிபாடுகளையே காண்பான். இதனை வகுத்தவர் இறையியல் பயின்றவரல்லர். ஆயினும் மேய்ப்பர்களின் நகரம் பெருமையால் பாழானது என்னும் இச்சித்திரத்தை ஆயர் கூடுகை ஒன்றில் எடுத்துரைத்தால் சிறிது நேரம் அமைதி நிலவும்.

குறைபாடு, நற்பண்பு அளக்கப்படும் விதத்தில் இருக்கிறது. எட்டுப் பண்புகளுக்கும் எட்டுக் கணக்குகளை விளையாட்டு ஆட்டக்காரனின் கண்ணுக்கு மறைவாக எழுதிக்கொண்டே வருகிறது. மூலிகை விற்கும் பெண் பார்வையற்றவள். எத்தனை காசு வைத்தாய் என்று அவள் பார்க்க மாட்டாள். குறைத்துக் கொடுத்தால் அப்பொழுது ஒன்றும் நடவாது, ஆனால் நேர்மைக் கணக்கில் பற்று விழும். மறைவில் நடந்ததை அறியும் ஒருவர் உண்டு என்னும் உணர்வை இவ்வளவு எளிய வழியில் ஊட்டியதைப் பாராட்டாமல் இருக்க இயலாது. ஆனால் வரவுப் பக்கத்தைப் பாருங்கள். பிச்சைக்காரனுக்கு ஈந்தால் இரக்கம் கூடும். ஒரு காசு ஈந்தாலும் கூடும் என்பதை ஆட்டக்காரர்கள் விரைவில் கண்டுகொண்டனர். எனவே பை நிறையப் பொன் வைத்துக்கொண்டு, ஒரே பிச்சைக்காரன்முன் நின்று, ஒவ்வொரு காசாகத் திரும்பத் திரும்ப ஈயும் காட்சி உருவாயிற்று. ஏழை விதவையின் இரண்டு காசும் இக்காசும் எண்ணிக்கையில் அருகருகே நிற்கின்றன. காணிக்கைப் பெட்டியினருகே அமர்ந்து பார்த்தவர் எண்ணிய விதத்தை எந்தக் கணக்குப் புத்தகமும் கற்றுக்கொள்ள இயலவில்லை. மருத்துவ விடுதியில் இரத்தம் ஈந்தால் தியாகம் வளரும். இழந்த நலத்தை அங்கேயே காசு கொடுத்துத் திரும்பப் பெற்று, மீண்டும் ஈயலாம். தாழ்மையும் இவ்வாறே வளர்க்கப்படுகிறது. உன்னைவிடச் சிறந்தவன் உண்டோ என்னும் வகையில் கேட்போரிடம் பெருமை பாராட்டாமல் விடையளிக்கவேண்டும். தாழ்மைக்கு வரவு கிடைக்கும் என்று அறிந்து தாழ்மையாகப் பேசுபவனை என்னவென்பது? லூக்கா 18-ஆம் அதிகாரத்தில் தேவாலயத்திற்குப் போன பரிசேயன் இவ்வுலகில் எல்லாச் சோதனையிலும் தேறியிருப்பான். ஆயக்காரனுக்கு அங்கே பூர்த்தி செய்ய ஒரு கணக்கும் இல்லை.

எட்டையும் நிறைவாக்கியவன் பெறும் பட்டம் ‘அவதார்’ என்பது. சமஸ்கிருதச் சொல்லாகிய அவதாரம் நம்மவர்க்கு அயலானதன்று. சென்னையைச் சேர்ந்த வேங்கல் சக்கரை 1920-களில் இயேசுவை அவதாரமாக விளக்கி நூலெழுதினார். அவர் அச்சொல்லை எடுத்தாண்டபோது ஒரு செய்தியில் உறுதியாக நின்றார்: இவ்வவதாரம் வந்து மறைவதன்று, நிலையானது. சக்கரை வாதிட்டதும் மரபு கூறியதும் வேறுபடும் இடங்கள் பல உண்டெனினும், அவதாரம் என்றால் மேலிருந்து இறங்கி வருதல் என்பதில் ஐயம் இருந்ததில்லை. அமெரிக்க விளையாட்டு அச்சொல்லைத் தலைகீழாக்கிற்று. அங்கே மனிதன் படிப்படியாக ஏறிச்சென்று அவதாரமாகிறான். ஏறிய பின்னும் ஒரு தீச்செயல் செய்தால் எட்டில் ஒரு பங்கு பறிபோகும். இறங்கி வருபவர் ஒருவரும் இல்லாத உலகில் ஏறுவதற்கு முடிவேயில்லை. இன்று கணினி உலகெங்கும் ஒருவருடைய உருவப்படத்திற்குக்கூட ‘அவதார்’ என்ற பெயர் வழங்குகிறது. அச்சொல்லை அவ்வழக்கில் பரப்பியதில் இவ்விளையாட்டுக்கும் பங்குண்டு. சக்கரையின் நூலை வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனை மனதிற்கொள்வது நலம். மாணவன் அச்சொல்லைக் கேட்கும்போது எதனை நினைக்கிறான் என்பது நாம் எண்ணுவதினும் வேறாக இருக்கலாம்.

அல்டிமாவின் கணக்கு மறைவாகவேனும் இருந்தது. கனடாவின் பயோவேர் நிறுவனம் 1998-இல் வெளியிட்ட முதல் ‘பால்டர்ஸ் கேட்’ விளையாட்டில் அது வெளிப்படையான நற்பெயர் எண்ணாயிற்று. உச்ச அளவு 20. குற்றமற்றவரைக் கொன்றால் எண் இறங்கும், கோயிலில் பொன் காணிக்கை இட்டால் ஏறும், எண் ஏறினால் கடைக்காரர் விலையைக் குறைப்பர். அதே கோயிலில் இறந்த தோழனை எழுப்புவதற்கும் கட்டணம் உண்டு. பாவமன்னிப்புச் சீட்டும் உயிர்த்தெழுதலும் ஒரே கடையில் விற்கப்படுகின்றன. 1517-இல் விட்டன்பர்க்கில் தொடங்கிய விவாதத்தை நினைவுகூரும் நம் வாசகர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டா.

கணக்கும் விலையும் இவ்விளையாட்டுகளின் சிறிய சிக்கல்களே. பெரியது ஒன்று உண்டு. ஏறக்குறைய எல்லா விளையாட்டுகளிலும் ஆட்டக்காரன் தான் விரும்பும் இடத்தில் கதையை ‘சேவ்’ செய்து வைத்துக்கொண்டு, பின்னர் நடந்தது பிடிக்கவில்லையெனில் அவ்விடத்திற்கே திரும்பலாம். கடும்போர்களுக்காகவே இவ்வசதி முதன்மையாகப் பயன்படுகிறது. பறவைநாகத்தோடு பொருது பத்து முறை மாய்ந்து பதினோராம் முறை வெல்பவன், தன் தோல்விகளிலிருந்து பொறுமையையும் குழுவாக இயங்குவதையும் கற்கிறான் என்பதை மறுக்கமாட்டோம். மந்திரவாதியை யார் காப்பது, காயமுற்றவனை எப்போது பின்னிழுப்பது என்று ஆராய்வதில் நல்லதோர் உழைப்பு உண்டு. ஆனால் அதே வசதி அறத்தேர்வுகளுக்கும் பொருந்திவிடுகிறது. தோழனை வஞ்சித்தேன், அவன் முகம் வாடியது, உடனே பின்சென்று வேறு விடையைத் தெரிந்துகொண்டேன். நடந்தது நடவாததாயிற்று. அறிக்கையிட ஒன்றுமில்லை, மன்னிப்புக் கேட்க ஒருவருமில்லை. மனந்திரும்புதலுக்கும் இதற்கும் உள்ள தொலைவு மிகப் பெரிது. பேதுரு சேவல் கூவுமுன் இருந்த நிலைக்குத் திரும்பவில்லை. மறுதலித்தவனாகவே கரைக்கு வந்து, மும்முறை கேட்கப்பட்டான். இந்நாளைய வடிவமைப்பாளர் சிலரே இதனை உணர்ந்துள்ளனர். ‘பால்டர்ஸ் கேட் 3’-இல் 2023 நவம்பரில் சேர்க்கப்பட்ட ‘ஹானர்’ முறையில் ஒரே பதிவு மட்டும் உண்டு. பின்செல்ல வழியில்லை. கடுமையை நாடுவோர்க்காக அமைக்கப்பட்டதெனினும், அம்முறையில் சொல்லும் செயலும் தம் பழைய எடையைச் சற்றே திரும்பப் பெறுகின்றன.

இவ்விடத்தில் ஜான் பனியனை நினையாதிருக்க இயலாது. 1678-இல் வெளிவந்த அவருடைய மோட்சப் பிரயாணத்தையும், அதனைத் தழுவி எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1894-இல் அளித்த இரட்சணிய யாத்திரிகத்தையும் அறிந்த நம் மக்களுக்கு, பயணமும் போரும் ஆயுதமும் கொண்ட கதை எதுவும் புதிதாகாது. பனியனின் பயணி அப்பொல்லியோனோடு பொருதும் போர், இக்கால விளையாட்டின் எந்தக் கடும்போருக்கும் இளைத்ததன்று. அது நடைபெறும் இடமோ தாழ்மையின் பள்ளத்தாக்கு. முதுகுக்குக் கவசம் இல்லாததால் திரும்பி ஓடுவது இன்னும் ஆபத்து என்று அவன் எண்ணி நிற்கிறான். ஆயுதங்கள் அவனுக்கு மாளிகையில் இலவசமாக அளிக்கப்பட்டவை. அவற்றை அவன் சம்பாதிக்கவில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, கணினி விளையாட்டின் வீரன் செல்லச் செல்லச் சேர்த்துக்கொண்டே போகிறான்: பொன், வாள், அனுபவப்புள்ளி, நற்பெயர். பனியனின் பயணியோ சிலுவையண்டையில் சுமையை இழக்கிறான். ஒரு கதை சேர்ப்பதால் முன்னேறுகிறது, மற்றது இறக்கி வைப்பதால்.

சேர்ப்பதையே கேள்விக்குட்படுத்தியது 2015-இல் டோபி ஃபாக்ஸ் வெளியிட்ட ‘அண்டர்டேல்’ என்னும் சிறிய விளையாட்டு. தோற்றத்தில் சிறுவர் வரைந்தது போன்றது. அதன் போர்களில் தாக்குவதற்கு ஒரு பொத்தானும், இரக்கத்திற்கு ஒரு பொத்தானும் எப்பொழுதும் உண்டு. ஒருவரையும் கொல்லாமலே கதையை முடிக்கலாம். மற்ற விளையாட்டுகளில் வளர்ச்சியைக் குறிக்கும் இரு எழுத்துச் சுருக்கங்கள் இதிலும் திரையில் தெரிகின்றன. இறுதியை நெருங்கும்போது நியாயத்தீர்ப்பு மண்டபம் போன்ற ஓரிடத்தில் அவற்றின் விரிவு சொல்லப்படுகிறது. ஒன்று நீ கொன்ற கணக்கு, மற்றது கொல்வதற்கு உன் மனம் மரத்த அளவு. நம்மைத் தாய்போல் பேணிய டோரியல் என்னும் பாத்திரத்தை, வேறு வழி அறியாமல் கொன்றுவிட்டுப் பதறிப் பின்சென்று, இரண்டாம் முறை காப்பாற்றிய ஆட்டக்காரர் பலர். அப்பொழுது ஒரு பூ எதிரே தோன்றி, நீ அவளைக் கொன்றாய், பின் வருந்தி மாற்றிக்கொண்டாய், எனக்குத் தெரியும் என்று பொருள்பட நகைக்கிறது. அழித்தது அழியவில்லை. எல்லாரையும் கொன்று முடித்தவன் மறுபடி விளையாட விரும்பினால் தன் ஆத்துமாவைக் கொடுக்கவேண்டும். கொடுத்தபின் எத்தனை முறை இரக்கமாக ஆடினாலும் முடிவில் களங்கம் ஒட்டியே இருக்கும். நம் கேள்விக்கு இவ்விளையாட்டு தரும் விடை கூரியது. ஆயினும் இதில் நினைவுகூர்பவர் மன்னிப்பவரல்லர். குற்றஞ்சாட்டுகிறவனுடைய நினைவாற்றல் மட்டுமே இங்குண்டு. அதனை வேதாகமம் வேறொரு பெயரால் அழைக்கிறது.

நாம் ஆராய்ந்தவற்றுள் மிக ஆழமானது 1999-இல் பிளாக் ஐல் நிறுவனம் ஆக்கிய ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’ என்பதே. போர்கள் அதில் குறைவு, அவையும் சிறப்பாக அமைந்தன என்று சொல்வதற்கில்லை. எழுத்தே அதன் வலு. பெரியதொரு நாவலுக்கு மிஞ்சிய உரையாடல் அதில் உண்டு. கதைத்தலைவனுக்குப் பெயரில்லை. சிகில் என்னும் நகரத்தின் பிணக்கிடங்கில் மேசைமேல் கண் விழிக்கிறான். உடலெங்கும் தழும்பு, முதுகில் பச்சை குத்திய எழுத்து, நினைவோ ஒன்றுமில்லை. அவனால் சாக முடியாது. இறந்தால் மறுபடி எழுவான், பல முறை நினைவிழந்து எழுந்திருக்கிறான். நற்குணம் தீக்குணம் என்ற இரண்டில் எதனையும் தொடக்கத்தில் தெரிந்துகொள்ள அவனுக்கு உரிமையில்லை. நடுநிலையில் நிறுத்தப்படுகிறான். செய்கையால் அது நகரும்.

அவன் ஊர் ஊராகச் செல்லும்போது, தான் நினைவுகூராத முற்பிறப்பு வாழ்க்கைகளில் தான் இழைத்த கொடுமைகள் எதிரே வந்து நிற்கின்றன. டாக்கன் என்னும் தோழன் ஏன் இவனுக்கு அடிமைபோல் ஊழியம் செய்கிறான்? ஐயத்தால் நொறுங்கியிருந்த அவனுக்குத் தன் சொந்த இனத்தின் மறைபோதனையை ஒரு கல்லில் அளித்து, நம்பிக்கையை மீட்பதுபோல் காட்டி, சாகும்வரை ஊழியம் செய்வதாக ஆணையிடச் செய்தான் முந்திய வாழ்க்கையில் இவனே. சாகாதவனுக்கு ஊழியம் என்றால் அதற்கு முடிவில்லை. மறையைக் கருவியாக்கி ஒருவனைக் கட்டியதைப்பற்றி எழுதும்போது, மறையைக் கையாளும் தொழிலினராகிய நாம் விரைந்து அடுத்த செய்திக்குச் செல்லலாகாது. தெயோனாரா என்னும் பெண் இவனை நேசித்தாள். தனக்குப் பயன்படும் ஓர் ஆவி வேண்டும் என்பதற்காகவே அந்நேசத்தை வளர்த்து, அவளை மரணத்திற்கு நடத்தியவனும் இவனே. ‘அது நானல்ல, எனக்கு நினைவில்லை’ என்று சொல்லலாம். விளையாட்டு அவ்விடையை அனுமதிக்கிறது. ஆனால் டாக்கனின் கட்டு அதனால் அவிழ்வதில்லை. நினைவில்லாத குற்றத்திற்கு ஒருவன் பொறுப்பாளியா என்னும் வினா, ஆதாமில் எல்லாரும் என்னும் பவுலடிகளின் போதனையை விளக்கத் தடுமாறும் ஒவ்வொரு போதகருக்கும் பழக்கமானதே. வகுப்பறை விளக்கங்களைக் காட்டிலும் இக்கதை அதனை நெஞ்சுக்கு அருகில் கொண்டுவருகிறது.

கதையின் வேர் இன்னும் ஆழமானது. இவனுடைய முதல் வாழ்க்கையில் இவன் செய்த குற்றங்கள் சொல்லில் அடங்காதவை. பின்பு வருந்தினான். ஈடுசெய்ய எண்ணினான். ஓர் ஆயுள் போதாது என்று கண்டான். ஆகவே ராவெல் என்னும் சூனியக்காரியிடம் சென்று சாவாமையை வேண்டினான். எல்லையற்ற காலம் கிடைத்தால் நற்கிரியைகளால் கடனை அடைத்துவிடலாம் என்பது அவன் கணக்கு. அவள் அவன் சாவை அவனிடமிருந்து பிரித்தெடுத்தாள். முதல்முறை இறந்து எழுந்தபோது, எதற்காகச் சாவாமை வேண்டினான் என்பதையே மறந்துபோனான். அதன்பின் வந்த வாழ்க்கைகள் கடனைப் பன்மடங்கு பெருக்கின. அல்டிமாவின் கணக்குப் புத்தகத்திற்கு எழுதப்பட்ட மறுப்பாகவே இதனை நாம் வாசிக்கிறோம். நேரமும் முயற்சியும் போதிய அளவு கிடைத்தால் மனிதன் தன்னை நீதிமானாக்கிக்கொள்வான் என்பதை, அக்கதை தன் சொந்த வழியில், இறையியல் சொல் ஒன்றையும் பயன்படுத்தாமல் உடைத்தெறிகிறது. மனிதனின் இயல்பை எது மாற்றும் என்று ராவெல் அவனிடம் கேட்கும் கேள்வி புகழ்பெற்றது. ஒரே சரியான விடை என்று எதனையும் விளையாட்டு அறிவிப்பதில்லை. நல்ல செயல் நல்ல மனிதனை ஆக்குவதில்லை, நல்ல மனிதனே நல்ல செயலைச் செய்கிறான் என்று 1520-இல் கிறிஸ்தவ சுதந்தரம் பற்றி எழுதியபோது லூத்தர் வாதிட்டார். அவ்வாதமும் இக்கேள்வியும் ஒரே வாசலில் நிற்கின்றன.

இக்கதைக்கும் குறை உண்டு. முன்னர்க் கூறிய எண்களின் ஆட்சி இங்கும் நீங்கவில்லை. ஞானமும் அறிவும் உயர்ந்தவனுக்கே மறந்த நினைவுகள் திரும்புகின்றன. இறுதிப் பகைவனை, அதாவது பிரிந்துபோன தன் சாவையே, வாளின்றிச் சொல்லால் வெல்வதும் அவனுக்கே கூடும். வலிமையை வளர்த்தவன் தன்னைப்பற்றிப் பாதி அறியாமலே கதையை முடிப்பான். அருள் இங்கும் தேர்வெழுதியவர்க்கே.

ஆனால் நாம் வாசகரின் கவனத்திற்குச் சிறப்பாகக் கொண்டுவர விரும்புவது பின்வரும் செய்தி. பெயரற்றவன் ஒவ்வொரு முறை இறந்து எழும்போதும், எங்கோ முன்பின் அறியாத வேறொருவர் அவனுக்குப் பதிலாக இறக்கிறார். அவ்விறந்தோர் நிழல்களாக மாறி அவனைத் துரத்துகின்றனர். ஒருவர் பதிலாக ஒருவர் சாவது என்பது நம் பிரசங்கத்தின் மையம். இங்கே அது திருட்டாக வருகிறது. யாரும் அந்நிழல்களைச் சம்மதம் கேட்கவில்லை. அவர்கள் சாவால் பெயரற்றவன் சிறிதும் மாறவுமில்லை. தண்டனை வேறிடம் சென்றது, அவன் நடந்துகொண்டே இருந்தான், அவ்வளவே. இதனை அறியும் கணத்தில் ஆட்டக்காரனுக்கு உண்டாகும் வெட்கம் உண்மையானது. அவ்வெட்கத்தோடு ஒரு வாலிபன் பெரிய வெள்ளியன்று ஆலயத்தில் அமர்ந்திருக்கிறான் என்று கொள்வோம். நீ பட வேண்டியதை வேறொருவர் பட்டார், கடன் தீர்ந்தது, நீ போகலாம் என்று நாம் பேசினால் அவன் எதைக் கேட்பான்? நிழல்களின் கதையையே கேட்பான். குமாரன் தம் உயிரைத் தாமாகவே கொடுக்கிறார், ஒருவனும் அதனை அவரிடமிருந்து பறிப்பதில்லை என்னும் யோவான் 10-ஆம் அதிகாரப் போதனையும், அவரோடேகூட நாமும் மரித்தோம் என்னும் ரோமர் 6-ஆம் அதிகாரப் போதனையும் இல்லாமல் சொல்லப்படும் ஈடுபலி, நேர்மையான ஒரு மனச்சாட்சிக்கு இடறலாகவே நிற்கும். இடறுவது அவன் கடினத்தால் அன்று.

முடிவில் பெயரற்றவன் தன் சாவோடு மீண்டும் ஒன்றாகிறான். ஒன்றானவுடன் அவனுக்குரிய தீர்ப்பு வருகிறது. அவன் எவ்வளவு நல்லவனாக ஆடியிருந்தாலும் தீர்ப்பு மாறுவதில்லை. கீழுலகில் முடிவின்றி நடக்கும் போருக்கு அவன் அனுப்பப்படுகிறான். இனி அவனுக்காக ஒருவரும் நிழலாக வேண்டியதில்லை. அந்தப் பாழ்வெளியில் அவன் ஓர் ஆயுதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, மற்றவர் கூட்டத்தோடு கீழ்நோக்கி நடக்கிறான். அவனை முந்தி அங்கே இறங்கிச் சென்றவர் ஒருவரைப்பற்றி அக்கதைக்கு ஒன்றும் தெரியாது. விசுவாசப் பிரமாணத்தில் நாம் ஞாயிறுதோறும் வேகமாகச் சொல்லிக் கடந்துபோகும் அச்சிறு வாசகத்தை நினைக்கிறோம்.